மாப்பிள்ளை வாங்கிய படகு

பழைய கார் வாங்கி அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பழைய வீடு வாங்கிக் கோர்ட்டுப் படி ஏறியவர்களையும் தெரியும். பழைய படகு வாங்கியவர் என்று ஒருவரைக்கூட நான் அறியாமல் இருந்தேன். அந்தக் குறையை என் மாப்பிள்ளை தீர்த்து வைத்தார்.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் நாரிச் நகரத்தில் இருக்கிறார்கள். ஒரு கோடையை அவர்களோடு கழிக்கப் போயிருந்தேன். அந்த ஊரை அடுத்து நார்ஃபோக் பிராட்ஸ் என்று ஒரு நீர்ப் பிரதேசம் இருக்கிறது. வளைந்து வளைந்து போகும் ஆறுகள், அவற்றை ஒட்டி அகன்ற ஏரிகள், கரையெல்லாம் நாணல். அந்த ஏரிகள் இயற்கையாக உண்டானவை என்றே வெகு காலம் நினைத்திருந்தார்கள். 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவர இயல் அறிஞர் கரையோரங்களில் வரிசையாகத் துளை போட்டுப் பார்த்து, அவை மனிதர் வெட்டிய குழிகள் என்று காட்டினார். சதுப்பு மண்ணில் மக்கிக் கிடக்கும் பீட் என்ற பொருளைக் காய வைத்தால் விறகுபோல எரியும். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் அதை வெட்டி எடுத்தார்கள். பிற்பாடு நீர்மட்டம் உயர்ந்து குழிகள் நிரம்பிவிட்டன. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் புண்ணியத்துக்குக் குளம் வெட்டுவார்கள். இவர்கள் அடுப்புக்கு வெட்டியதே ஏரியாகிவிட்டது!

இத்தனை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாப்பிள்ளையால் முடியவில்லை. "காரையே வருஷத்துக்கு ஒரு தடவை கழுவுகிறவருக்குப் படகு எதற்கு?" என்றாள் என் பெண். நான் மாப்பிள்ளை கட்சியில் சேர்ந்தேன். மாமனார் ஆதரவு இருந்தால் மாப்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? இருவரும் போய்ப் பார்த்தோம்.

கேபின் குரூசர் என்று அதற்குப் பெயர். நீளம் 22 அடி. கண்ணாடி நார் உடம்பு. முன்னால் இரண்டு பேர் படுக்க ஒரு சிற்றறை, எரிவாயு அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. பின்னால் தொங்கும் அவுட்போர்ட் மோட்டார். விற்றவர் மிகுந்த மரியாதைக்காரர். திரைகளைத் துவைத்து மாட்டியதாகவும், கெட்டிலை இனாமாகவே தருவதாகவும் சொன்னார். படகு கரையில் தள்ளுவண்டிமேல் நின்றது. மாப்பிள்ளை ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே, மாமா?"

"குளிர்காலம் பூராவும் சும்மா நின்றது. ஓட ஓட இளகிவிடும்" என்றார் விற்றவர்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "மனுஷனுக்கே காலையில் எழுந்தால் முட்டி இறுக்கமாகத்தான் இருக்கிறது. நடந்தால் சரியாகிவிடவில்லையா?" என்றேன். வியாபாரம் முடிந்தது.

போதாக்குறைக்குப் படகோடு ஒரு பாதுகாப்புச் சான்றிதழும் வந்தது. 4 வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதித்துத் தருவது. அதைக் காட்டித்தான் மாப்பிள்ளை என் பெண்ணைச் சமாதானம் செய்தார். அந்தச் சோதனையில் பார்ப்பதெல்லாம் எரிவாயு கசியுமா, மின்கம்பி தீப்பிடிக்குமா, எண்ணெய் ஆற்றில் கலக்குமா என்பவைதான் என்று பிறகு தெரிந்தது. படகு தீப்பிடிக்காது என்பதற்கு எங்களிடம் அத்தாட்சி இருந்தது. திரும்பும் என்பதற்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்ஸம் என்ற ஊரில் ப்யூர் ஆற்றில் இறக்கினோம். சாலையில் இடப்பக்கம் போகிற அந்தத் தேசத்தில் ஆற்றில் வலப்பக்கம் போகவேண்டும். என் பேரன், எட்டு வயசு, உயிர்காக்கும் சட்டை அணிந்து மாலுமிபோல் முன்னால் நின்றான். ஒரு மணி நேரம் ஆனந்தமாகப் போயிற்று. ஹார்னிங் கிராமத்தை நெருங்கும்போது, கரையில் கட்டியிருந்த ஒரு படகை ஒதுக்கிப் போவதற்காக மாப்பிள்ளை சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினார். திரும்பியது. மறுபடி வலப்பக்கம் திருப்பினார். திரும்பவில்லை.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். நானும் ஒரு கை கொடுத்தேன். சக்கரம் கல்லில் செதுக்கியதுபோல் இருந்தது. படகு ஆற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அக்கரைக்குப் போயிற்று. எதிரே சின்னஞ்சிறு பாய்ப் படகு ஒன்று. அதில் இரண்டு குழந்தைகள். மாப்பிள்ளை சட்டென்று மோட்டாரை நிறுத்தினார். காரில் வந்த பழக்கம். இந்த மாதிரிப் படகுக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது; மோட்டார்தான் சுக்கான். படகுக்குப் பிரேக்கும் கிடையாது. ஆகையால் நாங்கள் சத்தமில்லாமல் அந்தக் குழந்தைகளை நோக்கி வழுக்கிக்கொண்டு போனோம்.

பாய்ப் படகில் இருந்த பெண்ணுக்குப் பத்து வயதிருக்கும். எங்களை ஒரு பார்வை பார்த்தாள். தன் சுக்கான் கட்டையை ஒரு தள்ளுத் தள்ளினாள். அவள் படகு எங்களைக் கை எட்டும் தூரத்தில் கடந்து போயிற்று. நாங்கள் நாணலில் போய் மோதினோம். பேரன் குப்புற விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டான்.

என் பெண் கைக்குட்டையால் ரத்தத்தைத் துடைத்தாள். புருஷனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "முட்டி இளகிவிட்டதா, அப்பா?" என்று கேட்டாள். இனிமேல் பையன் அந்தப் படகில் ஏறமாட்டான் என்று அன்று ராத்திரியே தீர்ப்பும் ஆயிற்று.

அதற்குப் பிறகு மாப்பிள்ளையும் நானும் இரண்டு சனிக்கிழமைகளைப் படகுத்துறையில் கழித்தோம். அங்கே வேலை செய்த ஒரு கிழவர் எங்கள்மேல் இரக்கப்பட்டார். எதையும் கழற்றி எறிவதற்குமுன் எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பல்சக்கரப் பெட்டி. அதிலிருந்து ஒரு தடித்த கேபிள் பின்பக்கம் போகிறது. சக்கரத்தைத் திருப்பினால் உறைக்குள் இருக்கும் எஃகுக் கம்பி முன்னும் பின்னும் நகரும். அதன் நுனியில் உள்ள தண்டு மோட்டாரின் குறுக்கே ஒரு குழாய்க்குள் புகுந்து வெளியே வந்து, ஒரு சிறு இணைப்புக் கையால் மோட்டாரைத் திருப்புகிறது. அந்த இணைப்பை முதலில் கழற்றச் சொன்னார். மோட்டார் ஒரு விரலுக்குத் திரும்பியது. ஆக, மோட்டார் நிரபராதி. பிறகு சக்கரப் பக்கத்தில் கேபிளைக் கழற்றினோம். சக்கரம் பம்பரமாகச் சுழன்றது. மிஞ்சியது கேபிளும் குழாயும்தான். உறை ஓரிடத்தில் வெடித்துத் தண்ணீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்திருந்தது. குழாய்க்குள்ளே பழைய கிரீஸ் மெழுகாக இறுகி, தண்டைக் கவ்விக்கொண்டிருந்தது.

எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டித் தண்டை வெளியே எடுப்பதற்குள் ஒரு சனிக்கிழமை போய்விட்டது. குழாயை நீண்ட பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தோம். கேபிளைச் செப்பனிடும் பேச்சே கூடாதென்றார் கிழவர். அதே நீளத்தில் புதிது வாங்கினோம். படகைக் கட்டிவிட்டுப் போகும்போதெல்லாம் தண்டு குழாய்க்குள் அடங்கியிருக்கும்படி மோட்டாரைத் திருப்பி வைக்கவும் சொல்லிக் கொடுத்தார்.

சக்கரம் இப்போது வெண்ணெயாகத் திரும்பியது. ஆனால் படகு நேராகப் போகவில்லை! பாம்புபோல் நெளிந்தது. மாப்பிள்ளை இடப்பக்கம் திருப்புவார், ஒன்றும் நடக்காது. இன்னும் திருப்புவார், திடீரென்று மூக்கு ஒரேயடியாக இடப்பக்கம் பாயும். பதறி வலப்பக்கம் திருப்புவார்.

கிழவரிடம் போய் நின்றோம். அவர் சிரித்தார். இந்தப் படகின் அடிப்பாகம் வேகமாகப் போவதற்காகச் செய்தது. ஆற்றில் அனுமதி இடத்துக்குத் தக்கபடி மணிக்கு 3 முதல் 6 மைல்தான். அந்த நடையில் மூக்கு கொஞ்சம் அலையத்தான் செய்யும். படகு பின்பக்கத்தால் திரும்புகிறது. திருப்பியது தெரியச் சற்று நேரமாகும். "இனிமேல் ரிப்பேர் படகில் இல்லை" என்றார்.

எங்கள் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போட்ட பெரியவர் ஞாபகம் வந்தது. தேர் வீட்டுத் திண்ணையை இடிக்கிறவரை அவர் காத்திருக்கமாட்டார். முன்னதாகவே கட்டையைப் போடுவார். போட்டபின், தேர் அசைந்து கொடுக்கும்வரை அடுத்த கட்டையைத் தொடவும் மாட்டார். சுற்றி நின்று கூச்சல் போடுகிறவர்கள் நாங்கள்தான்.

மூன்றாவது ஞாயிறு தீர்ப்பு மாற்றப்பட்டது, பேரன் வந்தான். என் பெண்ணும் வந்தாள். ஹார்னிங் வளைவுக்கு முன்னால் அவளே சக்கரத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு சாண் திருப்பிவிட்டுக் கையை ஓய்வாக வைத்திருந்தாள். படகு நேரே போய்க்கொண்டிருந்தது.

"வலப்பக்கம், அம்மா! வலப்பக்கம்!" என்றேன்.

"திருப்பியாகிவிட்டது, அப்பா. கொஞ்சம் பொறுங்கள், வரும்."

அவள் என்ன படிக்க வேண்டும், யாரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று நான் போட்ட கூச்சல்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அவளுக்கும் நினைவிருக்க வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். படகின் மூக்கு மெள்ள வலப்பக்கம் வந்தது.