முப்பது மீட்டர் உலை

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் முதல் பாடமே உலோகவியல். அதில் எல்லிங்கம் வரைபடம் வரும் நாளில் வகுப்பு சோர்ந்துவிடும். கிடைமட்டத்தில் வெப்பநிலை, செங்குத்தில் கட்டிலா ஆற்றல், நடுவே ஒரு டஜன் சாய்கோடுகள். கீழ்க்கோட்டு உலோகம் மேல்கோட்டு ஆக்சைடிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். இதை மனப்பாடம் செய்தால் மதிப்பெண். பல வருடம் நானும் இப்படித்தான் நடத்தினேன். ஒருநாள் கடைசி வரிசை மாணவி எழுந்து, "இந்த எல்லிங்கம் யாரு சார்? எதுக்கு இதைப் போட்டாரு?" என்றாள். "ஒரு விஞ்ஞானிம்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது.

உலோகவியல் கற்பிக்கும் நண்பரிடம் கேட்டு மூலக் கட்டுரையின் நகலை வாங்கினேன். ஆண்டு 1944. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஹெச்.ஜே.டி. எல்லிங்கம், வேதித் தொழில் கழகத்தின் இதழில் எழுதியது. ஆக்சைடுகளோடு சல்பைடுகளும் அதில் இருந்தன. நம் பாடத்தில் சல்பைடு வரைபடம் காணாமல் போய்விட்டது. ஓரத்தில் அளவுகோல்கள் பொருத்தி, வாயுக்களின் விகிதத்தையே நேராகப் படித்துவிடலாம் என்று ஆக்கியவர்கள் 1948இல் ரிச்சர்ட்சனும் ஜெஃப்ஸும்.

கட்டிலா ஆற்றல் எல்லிங்கம் கண்டுபிடித்ததல்ல. கிப்ஸ் 1876–78இலேயே அமெரிக்காவில் எழுதிவிட்டார். எல்லிங்கம் செய்தது கணக்குப்பிள்ளை வேலை, ஆனால் கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை. எந்த உலோகமானாலும் ஒரே ஒரு மோல் ஆக்சிஜனோடு சேர்வதாக எழுதினார். எல்லாவற்றையும் ஒரே படியால் அளந்ததால், ஒரு கோட்டை இன்னொன்றிலிருந்து கழித்தாலே விடை வந்துவிடுகிறது. ஒரு மோல் வாயு திண்மத்துக்குள் அடங்குவதால் என்ட்ரோபி குறைகிறது. அதனால்தான் உலோகக் கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாய்வில் மேலே ஏறுகின்றன. கரி மோனாக்சைடாக எரியும்போது மட்டும் ஒரு மோல் வாயு உள்ளே போய் இரண்டு மோல் வெளியே வருகிறது. அந்தக் கோடு இறங்குகிறது. போதிய சூடு இருந்தால் கரி எந்த ஆக்சைடையும் மடக்கிவிடும். அலுமினா போன்றவற்றுக்கு 2000 டிகிரிக்கு மேல் போக வேண்டும் என்பது வேறு விஷயம்.

யார் என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. எதற்கு என்பதற்கு இன்னும் பின்னால் போக வேண்டியிருந்தது. அங்கேதான் லெ ஷாட்லியே நின்றிருந்தார், நம் பாடத்தில் சமநிலைத் தத்துவத்தோடு வருகிற அதே பிரெஞ்சுக்காரர். கிப்ஸைப் பின்னாளில் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் இவரே. 1888இல் எழுதிய ஆய்வில் இரும்பு உலைகளின் கதையைச் சொல்கிறார். ஊதுலையில் கார்பன் மோனாக்சைடு இரும்புத் தாதுவை ஒடுக்கி, தான் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. ஆனால் உலையின் உச்சியில் ஏகப்பட்ட மோனாக்சைடு வீணாக வெளியேறியது. தாதுவோடு அது உறவாட நேரம் போதவில்லை என்று உலைக்காரர்கள் நினைத்தார்கள். நேரம் வேண்டுமென்றால் உயரம் வேண்டும். உலைகள் வளர்ந்தன, இங்கிலாந்தில் முப்பது மீட்டர் வரை எழும்பின. வெளியேறிய மோனாக்சைடின் பங்கு குறையவே இல்லை. பல லட்சம் பிராங்க் செலவில் ஒரு பரிசோதனை நடந்து முடிந்தது என்று லெ ஷாட்லியே கிண்டல் செய்கிறார். அந்த வினைக்கு எல்லை உண்டு, அதைத் தாண்டி எவ்வளவு நேரம் கொடுத்தாலும் நகராது என்பதுதான் அந்தப் பரிசோதனையின் முடிவு. ஏறக்குறைய 1000 டிகிரியில், இரண்டு வாயுக்களும் கலந்திருக்கும் கலவையில் மோனாக்சைடு சுமார் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், இரும்பு ஆக்சைடு அசையாது. செங்கல் அடுக்கித் தெரிந்துகொண்டதை எல்லிங்கத்தின் தாளில் ஒரு அடிக்கோலை வைத்தே சொல்லிவிடலாம்.

மறுவாரம் கரும்பலகையில் கோடுகளுக்கு முன்னால் அந்த உலையை வரைந்தேன். அதே மாணவி கை தூக்கினாள்.

"உயரத்துக்குப் பதிலா சூட்டை ஏத்தியிருக்கலாமே சார்?"

நல்ல கேள்வி. பலகைக்கு வரச் சொன்னேன். மோனாக்சைடு டை ஆக்சைடாகும் கோட்டில் விரலை வைத்து நகர்த்தினாள். அது இரும்பின் கோட்டைவிட வேகமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"அய்யோ, சூடு ஏற ஏற இன்னும் மோசமா போகுதே!"

"அப்போ அடியில, கொதிக்கிற இடத்துல, யார்ம்மா வேலை செய்யறது?"

விரல் கொஞ்ச நேரம் தடுமாறியது. பிறகு, கீழே இறங்கும் அந்த ஒற்றைக் கோட்டுக்கு வந்து நின்றது.

"கரியே நேரா வந்துடுது சார்."