கலங்கல் தண்ணியில் கண் எதற்கு?

கயத்தாறு என்றால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799-ம், நான்குவழிச் சாலையோரக் காற்றாலைகளும்தான் பலருக்கு ஞாபகம் வரும். முத்துக்குளித்துறை மாவட்டம் ஆயிற்றே, மீன் என்றால் கடல்மீன்தான் என்றும் நினைத்துக்கொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் இந்தப் பக்கத்துக் குளங்கள் பெருகும். அதன் பிறகு மார்கழி முழுக்க, கரையில் மூங்கில் கம்பும் கையுமாகச் சிலர் குத்தவைத்திருப்பார்கள். அவர்களைப் பார்க்கத்தான் போனேன்.

நான் நீலகிரியில் தூண்டில் பழகியவன். அவலாஞ்சி ஓடைகளில் டிரவுட் மீனுக்குப் போடுகிற ஃப்ளை ஃபிஷிங். முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஒரு பூச்சியை உருவாக்கி, சலனமில்லாமல் நீர்மேல் இறக்க வேண்டும். அந்த மலைக்கு டிரவுட்டைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் அதை அங்கே நிலைக்க வைத்தார். இந்தத் தூண்டில் கலையும் அவர்களோடு வந்ததுதான். இங்கிலாந்தின் தெளிந்த ஊற்றாறுகளில், எந்தப் பூச்சி எந்த மணிக்கு இறக்கை முளைத்து மேலே வருகிறது என்று பார்த்துப் பார்த்து வளர்த்தது. மிதக்கும் பூச்சிதான் நியாயம் என்றார் ஹால்ஃபோர்டு என்ற தூண்டில்காரர். நீருக்குள் நீந்தும் இளம்பூச்சியைப் போலச் செய்தாலும் தப்பில்லை என்று 1910-ல் புத்தகமே போட்டார் ஸ்க்யூஸ் என்ற இன்னொருவர். அந்தச் சண்டை பல ஆண்டுகள் நடந்தது.

இரண்டு கட்சிக்கும் பொதுவானது ஒன்று: மீனின் கண். தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் ஒரு வட்டமாகச் சுருங்கித் தெரியும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு அடித்தரையைத்தான் திருப்பிக் காட்டும். குனிந்து பதுங்கி நடந்தால் அந்த வட்டத்தின் நசுங்கிய ஓரத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்பது எங்களுக்குப் பாலபாடம்.

கயத்தாற்றுக் குளத்தில் இந்தப் பாடத்தில் பாதி செல்லாது. தண்ணீர் பால் கூடின டீ நிறம். முழங்கை ஆழத்தில் விரல் தெரியவில்லை. கண்ணை ஏமாற்றி இங்கே என்ன ஆகப்போகிறது?

எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த அண்ணாச்சி, கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கம்பு, நரம்பு, முள், சின்ன ஈயக்குண்டு, தக்கை, இவ்வளவுதான் ஆயுதம். தக்கை உதிர்ந்த மயிலிறகின் தண்டு. கழுகுமலைப் பக்கம் மயிலுக்கா பஞ்சம்! தூண்டில்பூச்சி கட்டுகிற நாங்களும் மயிலிறகைத்தான் தேடுவோம், ஆனால் எங்களுக்கு வேண்டியது அதன் மினுங்கும் இழைகள். தண்டைத் தூர எறிந்துவிடுவோம்.

"பேசுனாப் பரவால்ல தம்பி. காலைத் தட்டி நடக்கப்படாது" என்றார்.

இயற்பியலும் இதையேதான் சொல்கிறது. காற்றில் வரும் குரலில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். தரையின் அதிர்வு நேராக உள்ளே போகும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் நீந்துபையிலிருந்து உட்காதுவரை சின்ன எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. பை அதிர்ந்தால் காது கேட்கும். 1820-ல் வெபர் என்ற உடற்கூறு ஆய்வாளர் விவரித்தது இது. தேனீ ஆய்வுக்காகப் பின்னால் நோபல் வாங்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷ், விசிலடித்தால் இரைக்கு வரும்படி கண்ணில்லாத ஒரு கெளுத்தியையே பழக்கி 1923-ல் எழுதினார்.

அண்ணாச்சி புழு கோக்குமுன் குளத்துச் சேற்றில் கையைத் தேய்த்துக் கழுவினார். பீடி பிடித்த கை. கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோலெங்கும் சுவைமொட்டுகள் உண்டு. முழு உடம்பும் நாக்காக இருக்கிற ஒன்றிடம் புகையிலையை நீட்டலாமா? என் பெட்டியிலிருந்த பூச்சிகளில் எதற்கும் வாசனையே கிடையாது.

முள் கிழித்த பொடிக் கெண்டை ஒன்று வந்தது. விட்டுவிடுவார் என்று பார்த்தால், ஈரச்சாக்கில் போட்டார். "அடிபட்டது உள்ள போயி சொல்லிருமுல்லா." சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் அதே ஃபிரிஷ் 1938-ல் கண்டது இதைத்தான்: காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசியும் பொருளை முகர்ந்ததும் கூட்டம் கலைந்து ஓடுகிறது. கெண்டை, கெளுத்திக் குலங்களுக்கு இந்த எச்சரிக்கை உண்டு.

விரால் வேறு சாதி. அதற்கு அந்த எலும்புச் சங்கிலி கிடையாது. காற்றை விழுங்க அடிக்கடி மேலே வந்தாக வேண்டும், அங்கேதான் மாட்டும். தவளையை முள்ளில் கோத்து, ஆம்பல் இலை ஓரமாகத் துள்ளவிடுகிறார்கள். துள்ளலின் அலையை விராலின் பக்கக்கோடு வாங்கிக்கொள்ளும். கலங்கலில் கண் செய்யாத வேலையை அது செய்யும். எங்கள் மிதக்கும் பூச்சிக்கு மிக நெருங்கிய உறவு இந்தத் தவளைதான்.

பிடித்த விரால் ஒன்றை அங்கேயே அறுத்தார். வயிற்றில் கூனி இறாலும், அரைகுறையாகச் செரித்த தட்டான் இளம்பூச்சிகளும். மழைத்தண்ணீரில் முட்டையிட்டு, ஒன்றரை மாதத்துக்குள்ளேயே இறக்கை முளைத்துப் பறக்கக்கூடிய தட்டான்கள் உண்டு. வற்றுகிற குளத்துக்கு ஏற்ற அவசரம். அவற்றில் ஓரினம் தென்னிந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை போகிறது என்று 2009-ல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் எழுதினார். பறக்கும்வரை தப்பிப் பிழைக்காதவை இங்கே விரால் வயிற்றில்.

மீன்பாசி ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகுக் குஞ்சு விட்டிருக்கிறார். கம்புக்காரர்களைக் கண்டும் காணாமல் விடுகிறாராம். வலை இறங்கும் நாளில் மட்டும் இவர்கள் ஒதுங்கிவிட வேண்டும்.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் இந்தக் குளம் என் பக்கம் சாயும். முதல் மழைக்கு ஈசல் புறப்பட்டுத் தண்ணீரில் விழும் சாயங்காலம், கெண்டையெல்லாம் மேலே வந்து கொத்தும். அதை அண்ணாச்சி சொல்லக் கேட்டதும் பெட்டியைத் திறந்து காட்டினேன். மயிலிழை சுற்றிய ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"ஈசல் அன்னைக்கு எடுக்கும். ஆனா அன்னைக்கு ஈசலே சும்மா கெடக்குமே, எதுக்கு இத உக்காந்து கட்டுதீய?"

பொழுதுபோக்கு என்றேன்.

"சரி, ரெண்டு வச்சிட்டுப் போங்க."