உறையவும் வேண்டும், உறையவும் கூடாது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மைதானத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருவீர்களே, சற்று நேரத்தில் ரத்தம் தானாக நின்றுவிடும். உறைதல் நமக்குக் காவல். ஆனால் அதே ரத்தம் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டாலும் உறையப் பார்க்கும். காயம் எது, குழாய் எது என்று அதற்குத் தெரியாது.

நுரையீரலோ இதயமோ செயலிழந்த குழந்தைகளுக்கு எக்மோ என்ற கருவி வைக்கிறார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப அனுப்பும். 1975-இல் கலிபோர்னியாவில் டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் இப்படித்தான் ஒரு பச்சிளம் குழந்தையைப் பிழைக்க வைத்தார். செவிலியர்கள் அவளுக்கு எஸ்பெரான்சா என்று பெயரிட்டார்கள். ஸ்பானிய மொழியில் 'நம்பிக்கை' என்று பொருள்.

குழாயில் ரத்தம் உறையாதிருக்கப் பெரும்பாலும் ஹெப்பாரின் கொடுப்பார்கள். 1916-இல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப்போய், உறையவிடாத பொருளைக் கண்டார். ஹெப்பாரினின் கதை அங்கே தொடங்குகிறது.

என் பழைய மாணவி ஒருத்தி சமீபத்தில் போனில் அழுதாள். "டீச்சர், நேத்து உறையாம இருக்க மருந்துன்னாங்க. இன்னைக்கு ரத்தம் கசியுது, மருந்தைக் குறைக்கிறோம்ங்கிறாங்க. எதை நம்புறது?" உறவினர்கள் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டார்களாம்.

அம்மா, இரண்டும் உண்மைதான் என்றேன். மருந்து குறைந்தால் கட்டி உண்டாகும். கூடினால் ரத்தம் கசியும், மூளையில்கூட. மூன்று கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தமே ஏறக்குறைய கால் லிட்டர். ஹெப்பாரின் வேலை செய்யத் துணைநிற்கும் புரதமும் பச்சிளங் குழந்தைக்குக் குறைவு. அதனால்தான் அடிக்கடி ரத்தம் சோதித்து அளவை மாற்றுகிறார்கள். அது தடுமாற்றம் அல்ல, கவனிப்பு.

எக்மோ இல்லாத குழந்தைக்கும் பெரிய ரத்தக்குழாயில் செருகிய மருந்துக் குழாயால் கட்டி வரலாம். பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. கையோ காலோ வீங்கினால், நிறம் மாறினால், சில்லிட்டால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் தேய்த்துவிடாதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். "அந்தக் குழாய் இன்னும் தேவையா டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். வகுப்பில் சொன்னதுதான்: கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

தெரிந்தவர் யாராவது ஐசியூ வாசலில் நின்றால் இதைப் படித்துக் காட்டுங்கள். அங்கே கோபத்தைவிடத் தெளிவு உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்