மூச்சு மெஷினுக்கும் தினம் ஒரு தொண்டு உண்டு

ஓம் முருகா.

நம்ம தொண்டர் குழுவில் மூச்சு மெஷின் போட்டுத் தூங்குறவங்க நாங்க நாலு பேர் இருக்கோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர் பந்தலில் ராத் தங்க வரும்போது தோளில் ஒரு பை மாட்டியிருப்போமே, அதில் இருப்பது அதுதான். போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு சிலர் எங்ககிட்ட பேசினாங்க. "மெஷின் இருக்கு, அலமாரியில கிடக்கு"ன்னு சொன்னாங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

குறட்டை என்றால் எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை மூடிடுது. 10 வினாடியாவது மூச்சு நின்றால் அதை ஒரு தடவையா எண்ணுறாங்க. மணிக்கு 30 தடவை, அதுக்கு மேல என்றால் கடுமையான நிலை. ராத்திரி பூரா படுத்திருந்தும் உடம்பு தூங்கியிருக்காது. இரத்த அழுத்தம் ஏறும், பகலில் கண் சொருகும். பாயான் லெப்பாஸில் நைட் ஷிஃப்ட் முடிச்சு, 13.5 கிலோமீட்டர் பினாங்கு பாலத்தில் மோட்டார் ஓட்டிக்கிட்டுப் போற நம்ம பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க. ஒரு நொடி கண் மூடினாப் போதும்.

இந்த மெஷின் ஆக்சிஜன் கொடுப்பதில்லை. அறையில் இருக்கும் காற்றையே அழுத்தி அனுப்பி, தொண்டை மூடாமல் பிடிச்சு வைக்குது. 1980ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் முதன்முதலா செய்தபோது வேக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் பயன்படுத்தினார். போட்டுக்கிட்டா மட்டும்தான் வேலை செய்யும். நைட் ஷிஃப்ட்காரங்க பகலில் தூங்கினாலும் போடணும்.

ஃபேக்டரியில் மெஷினுக்குச் சர்வீஸ் அட்டவணை போடுறோம். கோயிலில் விளக்கைத் தினம் துலக்குறோம். இதுக்கும் அதே மாதிரிதான்:

👉 காலையில் முகமூடியின் ரப்பரைத் துடைச்சு, தொட்டித் தண்ணீரைக் கொட்டிடுங்க. வாரம் ஒரு தடவை முகமூடி, குழாய், தொட்டி மூன்றையும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயில் படாமல் காய வையுங்க. நம்ம பினாங்கு ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

👉 தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். காய்ச்சின பைப் தண்ணீரிலும் உப்பு இருக்கும், வெள்ளையாப் படியும். பன்னீர், கோடாலித் தைலம் எதுவும் ஊத்தக்கூடாது. அது நேரா நுரையீரலுக்குப் போகும்.

👉 ஃபில்டரை மாதம் ஒரு தடவை பாருங்க. படுக்கும் அறையில் சாம்பிராணி போட்டால் அது சீக்கிரம் கறுத்துடும். சாமி அறையோடு நிறுத்திக்குங்க.

👉 படுக்குமுன் முகம் கழுவுங்க. எண்ணெயும் திருநீறும் இருந்தா ரப்பர் ஒட்டாது. விரதத்துக்குத் தாடி விடுறவங்களுக்குக் காற்று கசியும். மூக்குக்கு மட்டும் உள்ள சின்ன முகமூடி சரிப்படுமான்னு கிளினிக்கில் கேளுங்க. அதுக்காக மெஷினை நிறுத்திடாதீங்க.

👉 பந்தலுக்குத் தூக்கி வரும்போது தண்ணீரைக் கொட்டிட்டு வாங்க. சாய்ந்தால் மோட்டாருக்குள் போயிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். 2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம் தன் மூச்சு மெஷின்கள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு உதிரக்கூடும் என்பதுதான் காரணம். வெப்பமும் ஈரமும் அதை மோசமாக்கும், ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் கருவியும் மோசமாக்கும் என்று சொன்னாங்க. அதனால பழைய மெஷினை யாராவது அன்பாகக் கொடுத்தாலும் அப்படியே போடாதீங்க. மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் முதலில் பாருங்க. காற்றழுத்தமும் ஆளுக்கு ஆள் வேற. அதை டாக்டர்தான் சொல்லணும்.

வீட்டு அம்மாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் குறட்டை திடீர்னு நின்று, பிறகு திணறி எழுந்தால் கைபேசியில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்க. தூங்குறவருக்கு அது தெரியவே தெரியாது. பெண்களுக்கும் இது வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சந்தேகம் இருக்கிறவங்க வெள்ளிக்கிழமை அன்னதானக் கூடத்துக்கு வாங்க. முகமூடியை எப்படி மாட்டுறது, எப்படிக் கழுவுறதுன்னு நாங்க செய்து காட்டுறோம். அலமாரியில் இருக்கும் மெஷினை இன்றைக்கே வெளியே எடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா 🙏