வெல்டர் கையும் பேங்க் பேப்பரும்

பி.காம் படித்து பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு வெல்டிங் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். வதோதராவில் எங்கள் கிளை தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது. கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஃபேப்ரிகேஷன் ஷெட் ஆட்கள். கடன் கொடுக்க வேண்டுமானால் அவர்கள் தொழில் கொஞ்சமாவது புரிய வேண்டுமே!

எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு துவாக்குடிக்காரர். திருச்சி பெல் பக்கத்து ஊர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நான் தமிழ் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நிமித்தி வெச்ச பிளேட்ல ஓட்டுனா 3ஜி சார். தலைக்கு மேல ஓட்டுனா 4ஜி. பைப்பை 45 டிகிரி சாச்சு வெச்சு, அதைத் திருப்பாம சுத்தி ஓட்டணும், அது 6ஜி. உங்க போன்ல 4ஜி வர்றதுக்கு முன்னாடியே நமக்கு வந்துருச்சு!"

1943-ல் திறந்த ஹௌரா பாலம் முழுக்க ரிவெட் வேலை. ரிவெட் தளர்ந்தால் சுத்தியலால் தட்டியே கண்டுபிடிப்பார்கள். வெல்டிங்கில் அது நடக்காது. உள்ளே இருக்கும் குறை தெரிய எக்ஸ்ரேயோ அல்ட்ராசோனிக்கோ வேண்டும். 7018 ராடில் ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் உள்ளே போய், ஓரிரு நாள் கழித்துக்கூட விரிசல் விடுமாம். அதனால்தான் ராடை 300 டிகிரிக்கு மேல் அவனில் காயவைத்து, சூடு ஆறாமல் எடுத்து ஓட்டுகிறார்கள். ஆர்க் வெளிச்சம் பட்ட கண்ணும் அப்படித்தான். அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி படுத்த பிறகு மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்தும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேட் கிரில், மாடிப்படி, ஷெட் வேலை எடுத்துச் சொந்தமாகச் செய்ய மெஷின் வாங்க வேண்டும், மூன்று லட்சம் கடன் வேண்டும் என்றார். முத்ராவில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை கிஷோர் பிரிவு, ஈடு கேட்பதில்லை. ஆனால் வருமானத்துக்கு ஏதாவது ஆதாரம் வேண்டுமே? இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவரிடம் ஒரு சம்பளச் சீட்டு இல்லை. எல்லாம் காண்ட்ராக்டர் கையில் கொடுத்த ரொக்கம். 6ஜி டெஸ்ட் சர்டிஃபிகேட்? அதுவும் காண்ட்ராக்டர் ஃபைலில். பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால், பிடித்ததாகச் சொன்ன ஒரு காண்ட்ராக்டர் இரண்டு வருஷம் ஒரு பைசா கட்டவில்லை.

மனுஷர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எக்ஸ்ரேல என் ஜாயின்ட் ஃபெயிலானதே இல்ல சார். பேப்பர்ல ஃபெயிலாயிட்டேன்" என்றார்.

உத்யம் பதிவு, மெஷின் கொட்டேஷன், கையிலிருந்த இரண்டு வேலை ஆர்டர், மனைவி பெயரில் ஒழுங்காகக் கட்டிய நகைக்கடன் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் சாங்ஷன் ஆனது. கேட்டது கிடைக்கவில்லை, ஆனாலும் மெஷின் வந்துவிட்டது. பி.எஃப் பாக்கிக்குப் புகார் கொடுத்திருக்கிறார்; இன்னும் முடியவில்லை.

உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ யாராவது வெல்டர், ஃபிட்டர், ரிக்கர் என்று வெளி மாநில சைட்டில் இருந்தால் இதையெல்லாம் சொல்லுங்கள். டெஸ்ட் பாஸான அன்றே சர்டிஃபிகேட்டைப் போனில் படம் எடுத்துவிட வேண்டும். சம்பளம் தன் பெயரில் உள்ள கணக்கில்தான் விழ வேண்டும். 2014-லிருந்து பி.எஃப்புக்கு யு.ஏ.என் என்று ஒரே எண்தான். காண்ட்ராக்டர் மாறினாலும் புது எண் வாங்கக் கூடாது. மாசம் ஒருமுறை உமங் செயலியில் பாஸ்புக் பார்க்க வேண்டும். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால், வேலை கொடுத்த பெரிய கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நம் பிள்ளைகள் எல்லாரும் சாஃப்ட்வேருக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறோம். 6ஜி தெரிந்த கைக்கு வேலை கிடைக்காமல் போகாது. அந்தக் கைக்கு ஒரு காகிதமும் இருந்துவிட்டால் போதும்.

உங்கள் ஊர்ப்பக்கம் எப்படி? சொல்லுங்களேன்.