ஏலக்காய்ப் பச்சை

ஆர்.சி. புத்தகத்தில் எங்கள் காரின் நிறம் 'பச்சை' என்று இருக்கிறது. அப்பா கேட்டவர்களிடம் 'லைட் கிரீன்' என்பார். அண்ணன் 'ஆஸ்பத்திரிப் பச்சை' என்று கேலி செய்வான். அம்மா மட்டும் ஏலக்காய்ப் பச்சை என்பாள். அதுவும் புது ஏலக்காய் இல்லை, டப்பாவில் ஆறு மாதம் இருந்து கொஞ்சம் வெளுத்த ஏலக்காய். இவ்வளவு துல்லியமாகச் சொல்லக்கூடிய ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள் என்பதை நான் கவனித்தது என் நாற்பத்தெட்டாவது வயதில். அதற்கு ஒரு தகர மூடி உடைய வேண்டியிருந்தது.

கார் பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி, இத்தாலியின் ஃபியட் 1100 வண்டியை அப்படியே எடுத்துச் செய்தது. எழுபதுகளில் சித்தூர் ராணியின் பெயரை அதற்கு வைத்தார்கள். தமிழ்நாட்டில் யாருக்கும் ராணி நினைவு வரவில்லை, நடிகைதான் வந்தார். அப்பா 1983இல் இரண்டாம் கையாக வாங்கினார். பெயர் பத்மினி. ஓட்டியது அப்பா. முன்சீட்டில் அண்ணன், அவன் இல்லாதபோது மாமாவோ சித்தப்பாவோ. பின்சீட்டில் ஆச்சி, அம்மா, நான், கூடவே சாப்பாட்டுத் தூக்கு. அம்மா ஒரே ஒரு தடவை, நானும் ஓட்டிப் பழகட்டுமா என்று கேட்டாளாம். "நீ ஓட்டிட்டு எங்க போகப்போற?" என்றாராம் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார் என்று அம்மா இப்போதும் அவருக்காகப் பேசுவாள்.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று சென்னையிலிருந்து அண்ணன் சொன்னான். அம்மா, "என் பேருக்கு மாத்து" என்றாள். உரிமையாளர் இறந்துபோனால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 இருக்கிறது. மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போட்டான். போடும்போது, "அம்மாவா ஓட்டப்போறா?" என்றான். அப்பா கேட்ட அதே கேள்வி.

ஓட்டுவது நான். அம்மா முன்சீட்டுக்கு வந்தாள். வந்ததும் அவள் கண்ணில் பட்டது எதிரில் இருந்த டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி. கீழ்விளிம்பு முழுக்கத் துரு. கீல் போய் ஒரு பக்கமாகத் தொங்கியது. தூத்துக்குடியில் இரும்பு எதையும் பத்து வருடம் சும்மா வைத்திருக்க முடியாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம், நடுவில் காற்று. முப்பத்தைந்து வருடம் அந்தப் பெட்டியைத் திறந்து மூடியது அப்பாவும் அண்ணனும்தான். இப்போது அதில் ஆர்.சி. வைக்க வேண்டும், ஆர்.சி. அம்மா பெயரில் இருக்கிறது. டேப் போட்டு ஒட்டிவிடு என்றான் அண்ணன். அம்மா, "நல்ல மூடியாப் போடு, அதே கலர்ல" என்றாள்.

மூடி கிடைத்தது எளிது. சென்னை புதுப்பேட்டையில் தேடச் சொல்லியிருந்தேன், இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. வந்தது கறுப்பு. பம்பாய் டாக்சியில் இருந்ததோ என்னவோ. கறுப்பும் மஞ்சளுமாக அந்த ஊரை நிறைத்திருந்த பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன. அதே கலர் என்பதுதான் எளிதாக இல்லை.

பழைய மூடியை எடுத்துக்கொண்டு கார் பெயிண்ட் கடைக்குப் போனேன். ஆட்டோவில் போனதால் ஆட்டோக்காரத் தம்பி மூடியைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தார். அதன்பிறகு கடையிலிருந்தவர் கேள்வி எல்லாவற்றையும் அந்தத் தம்பியிடமே கேட்டார். "என்ன வண்டி? என்.சி.யா டூ-கேயா? எவ்வளவு வேணும்?" நான் பதில் சொல்லச் சொல்ல, அவர் தம்பியைப் பார்த்துத் தலையாட்டினார். தம்பி பாவம், என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. நான் கல்லூரியில் 22 வருடமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நைட்ரோ செல்லுலோஸ் என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். அதுதான் அந்த 'என்.சி.' என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அது தெரிந்தால் மற்றது புரியும். என்.சி. என்பது கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காயும் பெயிண்ட். நம் ஊர்ப் பட்டறைகளில் டூக்கோ என்கிறார்களே, அது 1920களில் அமெரிக்க டூபாண்ட் கம்பெனி இந்த வகைக்கு வைத்த வியாபாரப் பெயர். அதற்கு முன்னால் ஒரு கார் பெயிண்ட் காய நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் கறுப்பு. டூக்கோ வந்த பிறகுதான் கார்களுக்குப் பரவலாக வண்ணம் வந்தது. வண்ணம் வந்ததும் அதைப் பெண்களுக்கு விற்கலாம் என்று தோன்றியது. 1955இல் டாட்ஜ் கம்பெனி 'லா ஃபாம்' என்று ஒரு கார் விட்டது. ரோஜா நிறமும் வெள்ளையும். கூடவே அதே ரோஜாவில் கைப்பை, உதட்டுச் சாயம், மழைக்கோட்டு, குடை. இரண்டே வருடத்தில் நின்றுபோனது. பெண் என்றால் அவளுக்கு ஒரு நிறம் தேவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு நிறத்தைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை.

கடையில் நிறம் படிக்கும் கருவி இருந்தது. கையடக்கமானது. பழைய மூடியின் உள்பக்கத்தில், வெயிலே படாத இடத்தில் வைத்து அழுத்தினார்கள். கணினி ஒரு கணக்குச் சொன்னது, வெள்ளை இத்தனை கிராம், பச்சை இத்தனை, மஞ்சள் இத்தனை. தராசில் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்கள். ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து மூடியின் மேல் வைத்தால், கோடு தெரியவில்லை. அப்படி ஒரு பொருத்தம். 200 மில்லி வாங்கி வந்தேன்.

அம்மா அட்டையை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள்.

"இது அது இல்ல, ஏட்டி."

"மெஷின் வச்சுப் பாத்ததும்மா."

"எங்க வச்சுப் பாத்தாவ? டியூப்லைட்லயா? வெயில்ல வச்சுப் பாரு."

வெயிலில் அட்டை நீலம் காட்டியது. அப்பட்டமாக. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துபோகும். இரண்டிலும் உள்ள நிறமிகள் வேறுவேறு என்றால் அப்படித்தான் நடக்கும். மெட்டாமெரிசம் என்று பாடத்தில் பெயர். பழைய பச்சைகள் பலவற்றில் ஈயம் கலந்த குரோம் மஞ்சளும் நீலமும் இருக்கும், இன்றைய பச்சை வேறு குடும்பம். பாடப் பெயர் தெரிந்த நான் டியூப்லைட்டில் ஏமாந்தேன். அம்மா எங்கே படித்தாள் என்றால், ரவிக்கைத் துணிக் கடையில்.

மேட்சிங் சென்டருக்கு அம்மாவோடு போன பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். சேலையை மடித்துப் பையில் எடுத்துப்போவது. கடைக்காரர் இருபது துண்டை விசிறிப்போடுவது. மூன்றைத் தேர்ந்தெடுத்து, "வெளிச்சத்துல பாத்துட்டு வாரேன்" என்று கடைவாசலுக்குப் போவது. கரைக்கு எடுப்பதா உடலுக்கு எடுப்பதா, ஒரு சலவைக்குப் பிறகு எவ்வளவு இறங்கும், ஃபால்ஸ் எந்த நிறம், நூல் எந்த நிறம். வெங்காயத்தோல், அரக்கு, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். புளூ. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்த நீலம் அது. நெய்தவர் பெயரும் உடுத்தியவர் பெயரும் நிலைத்தன. அதற்குச் சரியான ரவிக்கைத் துண்டைத் தேடி வெயிலில் நின்ற ஆயிரக்கணக்கான கண்களின் வேலைக்கு நம் வீடுகளில் 'பொம்பளைங்க ஷாப்பிங்' என்று பெயர். வாசலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பவர் வைத்த பெயர். இத்தனைக்கும் சிவப்பு, பச்சைக் குழப்பம் பிறவியிலேயே இருப்பது பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். ஐரோப்பிய வம்ச ஆண்களில் சுமார் 8 சதவீதம், பெண்களில் அரை சதவீதம்.

மறுநாள் அம்மா கடைக்கு வந்தாள். வரும்போது மஞ்சள் பையில் ஒரு துண்டு வைத்திருந்தாள். டூ பை டூ ரூபியா ரவிக்கைத் துணி, தைக்காதது. கார் வந்த வாரத்தில் வாங்கியதாம். காருக்கு மேட்சாக. எனக்கு ஆட்டோவிலேயே தூக்கிவாரிப்போட்டது. "அப்பாகிட்டச் சொன்னியா?" "சிரிப்பாருல்லா" என்றாள்.

அந்தத் துண்டை வைத்து நிறம் கண்டுபிடித்தோம் என்று எழுத ஆசைதான். துணியை வைத்து உலோகத்துக்கு நிறம் பார்க்க முடியாது. இழைகள் ஒளியைச் சிதறடிக்கும், சாயமும் வேறு. கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. அம்மா மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆனால் கலக்குகிற பையனிடம், "மஞ்ச பத்தல தம்பி. கொஞ்சம் அழுக்கும் வேணும்" என்றாள். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு மஞ்சள் ஆக்சைடு நான்கு சொட்டும், செங்காவி ஒரு சொட்டும் விட்டான். பச்சையின் பளீரை அடக்க அதன் எதிர்நிறமான சிவப்பில் ஒரு துளி. அழுக்கு என்பது அதுதான். மூன்று முறை அட்டை அடித்து, மூன்று முறை வெயிலுக்குப் போனோம். மூன்றாம் முறை அவன், "வாங்க பாட்டி, நீங்களே பாருங்க" என்று தானாகவே முன்னால் நடந்தான்.

அடிக்கிற வேலைக்கு லாரிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு அண்ணாச்சி கிடைத்தார். அவர் அடித்துத் தருவதாகச் சொன்னார். நான் அடிக்கிறேன், நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்றேன். யோசித்தார். "பொம்பளப் பிள்ளைய இந்த வேலைக்கு வந்ததில்ல தாயி" என்றார். பிறகு, "வரக்கூடாதுன்னு இல்ல" என்றார்.

கறுப்பு மூடியில் தின்னர் நனைத்த துணியை வைத்துத் தேய்க்கச் சொன்னார். கரைந்து வந்தால் என்.சி., சுருங்கினால் எனாமல், ஒன்றும் ஆகாவிட்டால் டூ-கே. சுருங்கியது. எனாமல் மேல் என்.சி. அடித்தால் இப்படித்தான் மொத்தமும் சுருங்கும் என்று, தகரம் தெரியும்வரை உரிக்கச் சொன்னார். அதற்கும் முன்னால் நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார். நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது, அது பெயிண்டுக்கு அடியில் மாட்டினால் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் விடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பராக ஈரத்தில் தேய்த்தேன். பிரைமர், விளிம்பில் கொஞ்சம் பட்டி, 220, 400, திரும்பவும் பிரைமர். நான் கரி வடிகட்டி வைத்த முகமூடி வாங்கி மாட்டியிருந்தேன். அண்ணாச்சி துண்டைத்தான் கட்டினார். நாற்பது வருடத் துண்டு. பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டே இருந்தார்.

காலை பத்து மணிக்கு முன் அடிக்கவிடவில்லை. காற்றில் ஈரம் இருந்தால் என்.சி. வெண்மை படர்ந்து மங்கிப்போகும், கரைப்பான் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து நீரை இழுத்துக்கொள்ளும். கன் ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். மூடிக்கு வெளியே விசையை அழுத்தி, மூடியைக் கடந்து, வெளியே போய்த்தான் விட வேண்டும். நான் மணிக்கட்டைத் திருப்பினேன். "கோலம் போடாத தாயி, கை மொத்தமாப் போகணும்" என்றார். நாற்பது வருடப் பழக்கம் மணிக்கட்டில் இருக்கிறது. தோளுக்குக் கொண்டுவர அரை நாள் ஆனது.

நடுவே ஒரு தகராறு. அண்ணாச்சி சொன்னார், உள்பக்கத்தில் எடுத்த நிறத்தை வெளியே அடித்தால் மூடி மட்டும் தனியாகத் தெரியும், டேஷ்போர்டு நாற்பது வருட வெயிலில் வெளுத்திருக்கிறது, பக்கத்தில் இருப்பதற்கு ஏற்றமாதிரிதான் அடிக்க வேண்டும். அது தொழில் நியாயம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒழுங்கா இருக்கது இது. வெளுத்துப்போனது அது. எதுக்கு இது அதுக்குத் தக்கன போணும்?" அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

கடைசியில் அம்மாவே முடிவு சொன்னாள். வெளிப்பக்கம் அண்ணாச்சி சொல்கிறபடி. உள்பக்கம் அந்த ஏலக்காய்ப் பச்சை. ஒரு சாண் மூடிக்கு இரண்டு கலரா என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். வெளிநிறத்துக்காக டேஷ்போர்டைக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துச் சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்த மேல்படலத்தை எடுத்தோம். எடுக்காமல் நிறம் பார்த்திருந்தால் படலத்துக்குத்தான் மேட்ச் செய்திருப்போம். திரும்பவும் கடை, திரும்பவும் 200 மில்லி. இந்தத் தடவை கடைக்காரர் அம்மாவைப் பார்த்துப் பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

மூடியை மாட்டியதும் அம்மா கொற்கைக்குப் போக வேண்டும் என்றாள். அவள் பிறந்த ஊர். பாண்டியர் துறைமுகம், முத்து, கிரேக்கர்கள் எழுதியது என்று நம் பாடப்புத்தகங்கள் பெருமைப்படும் கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே கிடக்கிறது. தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து போட்டுக் கடலைத் தள்ளிவிட்டது. முள்ளக்காட்டு உப்பளங்களைத் தாண்டும்போது அம்மா பெட்டியைத் திறந்தாள். மூடினாள். திரும்பத் திறந்தாள். ஆர்.சி.யை எடுத்துத் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள். அந்த ரவிக்கைத் துண்டும் உள்ளேதான் இருந்தது. பழையகாயல் வருவதற்குள் ஏழெட்டு முறை திறந்திருப்பாள். கை கியரை மாற்றிக்கொண்டே, கீல் புதுசு, பார்த்து என்றேன்.

உள்பக்க மூலையில் விரலை வைத்துத் தடவினாள்.

"இங்க பெயிண்ட் வழிஞ்சிருக்கு."

"ஆமா. அந்த இடத்துல கை நின்னுட்டு."

"தேச்சிட்டு இன்னொருக்க அடிச்சிரு. மீதி பெயிண்ட் இருக்குல்லா?"

இருக்கிறது. முக்கால் டின் இருக்கிறது.