ஒற்றைக்குழலும் லைசென்ஸ் புத்தகமும்

துப்பாக்கியைக் காட்டுங்கள் என்றதும் பெரியவர் உள்ளே போய் முதலில் எடுத்து வந்தது லைசென்ஸ் புத்தகத்தை. பாலித்தீன் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. “இதைப் பாத்துட்டு அதைப் பாருங்க தம்பி” என்றார். பெரம்பலூர் மாவட்டம் எறையூர், சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். அங்குள்ள நரிக்குறவர் குடியிருப்பில் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகுதான் துப்பாக்கி வந்தது. ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. கட்டை விரிசல் விட்ட இடத்தில் கம்பி சுற்றி இறுக்கியிருந்தது. கன்னம் படும் இடம் மட்டும் கறுத்து வழவழப்பாக இருந்தது.

மருந்து இல்லாமல் செய்கை மட்டும் காட்டினார். குழல்வாய் வழியாக மருந்து, மேலே தேங்காய்நார், குத்துக்கம்பியால் இடி. அடுத்து பால்ரஸ் குண்டு, மறுபடி நார். அது இல்லாவிட்டால் குழலைச் சாய்த்ததும் குண்டு உருண்டு வந்துவிடும். கடைசியாகக் குதிரைக்கு அடியில் கேப்பு. குத்துக்கம்பியில் ஓரிடத்தில் அரத்தால் கீறிய கோடு. வெறுங்குழலில் விட்டால் கோடு சரியாக வாயோடு நிற்கிறது. மேலே ஏறி நின்றால் பழைய மருந்து உள்ளேயே கிடக்கிறதென்று பொருள். அது தெரியாமல் மேலும் இடித்துச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். மழை நாளில் மருந்து நமுத்துப்போய்க் கேப்பு மட்டும் ‘டப்’பென்று அடங்கும்போதுதான் இந்தக் கோட்டுக்கு வேலை.

சுட்டபின் அடுத்த குண்டுக்கு முதலிலிருந்து எல்லாம் மறுபடி. அதற்குள் கௌதாரி பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். அதனால் முதல் குண்டிலேயே கணக்கு முடிய வேண்டும்.

அமெரிக்காவில் ரோனி பாரட் 1982-இல் வடிவமைத்த அரைத்தானியங்கித் துப்பாக்கி இதற்கு நேரெதிர். 12.7 மி.மீ. தோட்டா, சுட்ட வேகத்தின் உதைப்பே காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிவிடும். அங்கே தனியாள்கூட அதை வாங்கலாம். காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டு மேசையில் கைப்பிரஸ் வைத்து மறுபடி மருந்தேற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கலிபோர்னியா 2005 முதல் அந்த ரகத்தைத் தடுத்திருக்கிறது. எறையூரிலிருந்து தெற்கே போனால் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை. 1966 முதல் இயங்குகிறது. அங்கே தயாராகும் வித்வன்சக்கும் 12.7 மி.மீ. ரகம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டும். அது படைகளுக்கானது. பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். “ஒரு குண்டு என்ன விலை?” என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

சட்டத்தின் கதை வேடிக்கையானது. 1959 ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கென்றே வாய்வழி மருந்தேற்றும் துப்பாக்கியைப் பெயர் சொல்லி அனுமதிக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டம் சுடுவதற்கிருந்த பிராணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. காகம், எலி, பழந்தின்னி வௌவால் என்று மிச்சமிருந்த ஐந்தாம் அட்டவணையும் 2023 ஏப்ரலோடு போயிற்று. துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கிறது. அதையும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.

பிராணிகளைக் காப்பதில் எனக்கு மறுப்பில்லை. பெரியவரின் அப்பா வாத்துக்குப் போன அரியலூர் கரைவெட்டி ஏரி 1999-இல் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலில் ஏறியது நல்லதுதான். ஆனால் வாத்து எந்தக் காற்றில் எந்தப் பக்கம் எழும்பும் என்ற அறிவுக்கு அங்கே ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கலாம். 2023-இல் நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்த அரசுக்கு இது பெரிய காரியமா?

மக்காச்சோளக் கொல்லைக்காரர்கள் இன்னும் அவரைத் தேடி வருகிறார்கள். “பன்னி பூந்து அழிச்சுட்டுது, ராத்திரி ஒரு நடை வாங்க” என்பார்களாம். மறுத்துவிடுகிறார், உள்ளே போனால் லைசென்ஸும் போய்விடும். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததைச் சொன்னேன். “அவங்க சுடட்டும். எந்தத் தடத்துல வரும்னு கேட்டா காட்டறேன்” என்றார்.

எழுபது வயதானவர் தன் லைசென்ஸை வாரிசுக்கு மாற்றித் தர 2016 விதிகளில் வழியிருக்கிறது. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மகன் திருவிழாக்களில் பாசிமணியும் செல்போன் கவரும் விற்கிறான். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், கலெக்டர் ஆபீசுக்கு அலைய யாரால் முடியும் என்கிறானாம். விண்ணப்பமும் அந்தப் பாலித்தீன் பைக்குள்தான் இருந்தது, பூர்த்தி செய்யாமல்.